தொண்ணூற்று நான்காம் பக்கத்தின் ஓரம்

அந்தத் தாளை நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை. மேசை இழுப்பறையில், பழைய கரண்ட் பில்களுக்கு அடியில் கிடக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் முதலில் தேடி எடுத்துப் பையில் வைக்கிற பொருள் அதுதான். ஒருபக்கம் மட்டும் அச்சான மலிவான தாள். மேலே நடுவில் 94 என்ற எண். நான் எழுதிய ஒரு காதல் நாவலின் பிழைதிருத்தப் படி. ஓரத்தில் பச்சைப் பேனாவால், ஒன்றாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி வட்ட வட்டமான எழுத்தில், மூன்று சொற்கள். "இவள் பொய் சொல்கிறாள்." அந்தப் பக்கத்தில் ஒற்றுப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. என் கதாநாயகி, தன் கணவனின் சாவுக்குக் காரணமானவனைப் பார்த்து, "உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன்" என்று சொல்கிற இடம் அது. அந்த வாக்கியத்தின் கீழே ஒரு கோடு. கோட்டின் முனை தாளைக் கிழித்திருந்தது.

அப்போது நான் இரண்டு ஆட்களாக இருந்தேன். என் பெயரில் வசன கவிதை எழுதுகிற ஒருவன். ஒரு பெண்ணின் பெயரில் மாதம் ஒரு காதல் நாவல் எழுதுகிற இன்னொருவன். முதலாமவனுக்கு வாசகர் இல்லை. இரண்டாமவனுக்கு, "அன்புள்ள அக்கா" என்று தொடங்கிக் கடிதங்கள் வரும். பெங்களூர் லிங்கராஜபுரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது எங்கள் பதிப்பகம். ஒரு அறையில் தமிழ் மாத நாவல், அடுத்த அறையில் கன்னடக் கல்யாணப் பத்திரிகை, இரண்டுக்கும் நடுவே கதவில்லாத ஒரு வாசல். பன் வேகிற வாசனையில்தான் என் கதாநாயகிகள் எல்லாரும் அழுதார்கள். முதலாளி கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர். என் கவிதைக் கட்டைக் கையால் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். "கவிதையெல்லாம் வூட்ல வச்சுக்க சார். எனக்கு மாசத்துக்கு ஒரு கல்யாணம் வோணும்." எழுதித் தந்தேன். ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாத எனக்கு, நூற்றிருபது பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துவிட்டு ஓடிவிடுகிற அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிழைதிருத்துகிறவரை எல்லாரும் 'ப்ரூஃப் மேடம்' என்போம். என்னைவிட ஓரிரண்டு வயது இளையவராக இருப்பார். வேலூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி பெங்களூர் வந்தவர். கடுகு நிறச் சால்வை ஒன்றை வெயில் நாளிலும் நாற்காலியின் முதுகில் போட்டு வைத்திருப்பார். அவருடைய வேலைமுறை பழையது. கணினித் திரையை நம்பமாட்டார். மூலப்படியை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் அச்சுப்படியில் பேனா முனையை ஓட்டிக்கொண்டே வருவார். படிக்கிறவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். உணர்ச்சி கூடாது. "நீ இல்லாமல் கமா என்னால் கமா உயிர் வாழ முடியாது முற்றுப்புள்ளி" என்று ரயில் நேரம் அறிவிக்கிற குரலில் படிக்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் என்னையே உட்காரவைத்துவிடுவார். என் காதல் வசனங்களை அந்தக் குரலில் நானே படித்துக் கேட்கும்போது, பூசிய பவுடரெல்லாம் உதிர்ந்து அவை வெறும் முகத்தோடு நிற்கும். குரல் லேசாகக் குழைந்தாலே பேனா நிற்கும். "நடிக்காதீங்க சார், ஒற்று தப்பிப் போயிடுது."

அவருடைய கதை எனக்குத் தெரிந்தது ஒரு டீ நேரத்தில். பெங்களூர் வந்து ஒன்றரை வருடத்திலேயே கணவர் இறந்துவிட்டார். பொம்மனஹள்ளியில் ஒரு பாக்டரியில் வேலை. ஷிப்ட் முடிந்து கூட வேலைசெய்த நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். மழை விட்டுச் சற்று நேரமே ஆகியிருந்த சாயங்காலம், ஓசூர் ரோடு. முன்னால் போன தண்ணீர் லாரியை முந்தப் போன நண்பருக்குக் கால் உடைந்தது. பின்னால் இருந்தவர் போய்விட்டார். நண்பர் கன்னடக்காரர், இவரை 'அத்திகே' என்று கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டுப் போட்ட காலோடு வந்து, ஆட்டோவிலிருந்து இறங்க முடியாமல் இறங்கி, தலையைத் தொங்கப்போட்டு ஒரே ஒரு சொல் சொன்னாராம்: "தப்பாய்த்து அத்திகே." அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், ஒவ்வொரு நினைவு நாளுக்கும் இவர் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார், அதையே சொல்வார். இவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். மூன்று வருடமாக.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றார் சார்," என்றார். "தப்பாயிடுச்சாம். எங்கிருந்தோ தானா வந்து ஆயிடுச்சாம். நான் பண்ணேன்னு ஒரு வார்த்தை அந்த வாயில வரல." டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த அச்சுப் பாரத்தை எடுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கியது. படிக்கட்டு இறங்கும்போதே முதல் வரி வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் ஏறுவதற்குள் கதாநாயகிக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஒரு விதவை, கணவனின் சாவுக்குக் காரணமான நண்பன், வெறுப்பு, மழை, மன்னிப்பு, காதல், கல்யாணம். பதினேழு நாளில் எழுதி முடித்தேன். இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் தோன்றியது. அதனால் கேட்கவில்லை.

அந்தப் பிரதியைப் படித்துக் காட்ட அவர் யாரையும் கூப்பிடவில்லை. தனியாகவே பார்த்து முடித்து, மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வழக்கம்போல் பச்சைக் குறிகள், சந்திப் பிழைகள், இரண்டு இடத்தில் 'ஒரு'வுக்குப் பதில் 'ஓர்'. தொண்ணூற்று நான்காம் பக்கம் வந்தபோதுதான் என் கை நின்றது. மறுநாள் காலை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"இவ யாருன்னு எனக்குத் தெரியும் சார். சால்வைகூட என்னுதுதான். நிறம் மட்டும் மாத்தியிருக்கீங்க."

நீட்டிய தாளை மேசைமேல் வைத்தேன்.

"அந்த ஆளு என்னை அத்திகேன்னு கூப்பிடறவர். அவரையே என் கையைப் பிடிக்க வச்சிருக்கீங்க, அறுபத்தேழாம் பக்கத்துல. ஒரு கமாகூடத் தப்பு இல்லாம."

"தப்பாயிடுச்சு மேடம்" என்றேன்.

ஒரு வரியைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் என்னையே பார்த்தார். "எல்லாருக்கும் அதே வாக்கியம்தான் போல" என்றார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. புத்தகத்தை நிறுத்திவிடவா என்று பெருந்தன்மையாகக் கேட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை, அவள் யாரை வேண்டுமானாலும் காதலிக்கட்டும், கதைதானே என்றார். ஆனால் பொய் மட்டும் சொல்ல வேண்டாம். "மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டு அவ எங்க போவா சார்? வீட்டுக்குத்தானே. அங்க அவரோட செருப்பு இருக்குமே."

அந்தச் செருப்பு என்னைத் தூங்கவிடவில்லை. முதலாளியிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். அந்த மாதம் இதழ் தாமதமாகும் என்று அவர் வாசல் வரை வந்து திட்டினார். நான் நடந்தேன். லிங்கராஜபுரத்துக் குறுக்குத் தெருக்களை, மேம்பாலத்தின் அடியை, மாதா கோயிலின் பின்சுவரை, நடந்து நடந்து அந்தப் பெண்ணை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். இதுவரை என் கதாநாயகிகள் எல்லாரும் எனக்கு வசதியாக அழுதார்கள், எனக்கு வசதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துக்கம் அவர்களுக்கு ஒரு மழைக்கோட்டு மாதிரி. காதலன் வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். இவள் கழற்றமாட்டேன் என்றாள். மன்னிக்கிறேன் என்று எழுதினால் எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. மன்னிக்கமாட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு வசனமாகவே நின்றது. இரண்டுக்கும் நடுவில், மனிதர்கள் உண்மையில் குடியிருக்கிற அந்த இடத்துக்குத் தமிழில் என்ன வினைச்சொல் என்று தேடினேன். நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் கிழித்தேன். விடவில்லை. என் வாழ்க்கையில் பாதியில் விடாத வேலைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்; அதில் இது ஒன்று.

இரண்டாவது பிரதி வந்த அன்று அவரே என்னைக் கூப்பிட்டார். நான் மூலப்படியைப் படிக்க, அவர் அச்சுப்படியைப் பார்க்க வேண்டும். என்ன காரணமோ, இந்த முறை நண்பனின் வாயில் கன்னடச் சொல்லையே போட்டிருந்தேன். உண்மைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன். ரயில் அறிவிப்புக் குரலில் படித்தேன். "அவன் கேட்டுக்கு வெளியே நின்றான் முற்றுப்புள்ளி மேற்கோள் ஆரம்பம் தப்பாய்த்து முற்றுப்புள்ளி மேற்கோள் முடிவு அவன் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை முற்றுப்புள்ளி."

அடுத்த அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றது. கன்னட டைப்பிஸ்ட் அம்மா கதவில்லாத அந்த வாசலில் வந்து நின்றார். கையில் பாதி தின்ற பன். அவருடைய தமிழ், கன்னடத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிற தமிழ்.

"அது அல்ல சார். தப்பாய்த்துன்னா அதுதானே மன்னிப்பு."

நான் புரியாமல் பார்த்தேன். தமிழில் தப்பாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்றேன். அவர் சிரித்தார். "தமிழ்ல என்னவோ. நம்மள்ல அப்படித்தான் கேக்கறது. எங்க மாமனார்கிட்ட ஏதாவது பண்ணிட்டா காலைத் தொட்டு அதான் சொல்வோம், தப்பாய்த்துன்னு. அதுக்கு மேல வீட்ல பேசற வார்த்தை கிடையாது."

தெரியாத சொல் என்றால் யாரிடமாவது அர்த்தம் கேட்டிருப்போம். இது பாதி தெரிந்த சொல். நம் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதால் நம் வீட்டு ஆள் என்றே நினைத்துவிட்டோம். ஒரு மனிதர் மூன்று வருடமாகத் தன் மொழியில் இருப்பதிலேயே கனமான சொல்லைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளே இருந்த காதில் அது ஒரு சாக்குப்போக்காக விழுந்திருக்கிறது. ப்ரூஃப் மேடத்தின் பேனா அந்த வரியிலேயே நின்றிருந்தது. பச்சை மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியவில்லை. பன்னைத் தின்றுகொண்டே திரும்பிப் போனார். மேடம் பேனாவை மூடினார். "மீதி நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்றார். நாளைக்கு வரவில்லை. நான்கு நாள் வரவில்லை.

ஐந்தாம் நாள் வந்ததும் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பொம்மனஹள்ளிக்குப் போயிருக்கிறார். பாக்டரி வாசலில் நின்று, நண்பர் வெளியே வந்ததும் அடுத்த டீக்கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அந்த மனிதர் இன்னும் காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாராம். உட்கார்ந்ததும் பழைய சொல்லைத்தான் சொன்னாராம். இந்த முறை இவர் கேட்டைச் சாத்த அங்கே கேட் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார். அவர் பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொன்னதை மேடம் எனக்குச் சொன்னது, பிழைதிருத்துகிற அதே குரலில்.

"வேகமாத்தான் போனாராம். ஒத்துக்கிட்டார். இவர் பின்னாடியிருந்து ரெண்டு தடவை தோள்ல தட்டினாராம், மெதுவா போன்னு. இதை போலீஸ்லகூட சொல்லலயாம்." நாற்காலியில் கிடந்த சால்வையை நேராக்கினார். "எங்க வீட்டுக்காரர் கடைசியா பண்ண காரியம் அதுதான் சார். மூணு வருஷமா அது அந்த ஆளு தோள்லயே இருந்திருக்குது. நான் கேட்டைச் சாத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

நான் எழுத்தாளனாக இருந்ததால் அந்த நேரத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டேன். அப்படியானால் கோபம் போய்விட்டதா என்றேன்.

"ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். "ரெண்டு தடவை தட்டியும் கேக்கலையே. ஆனா இப்பதான் என் கோபம் சரியான ஆள்மேல, சரியான காரியத்துக்கு இருக்குது. முன்னாடி வெறும் வார்த்தைமேல இருந்துச்சு." பிறகு லேசாகச் சிரித்தார். "அவரும் அழல, நானும் அழல. டீ குடிச்சோம். சர்க்கரை ஜாஸ்தி."

புத்தகத்துக்குத் திரும்பினோம். சொல் புரியாமல் போனதை எழுதிக்கொள்ளலாம் என்றார். தோளில் தட்டியதைத் தொடக்கூடாது. "அது என்னுது." அன்று நான் தலையாட்டியது நடிப்பில்லை. கடைசி அத்தியாயத்தை அங்கேயே, அவர் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். நாவலில் அவன் கேட்டுக்கு வருகிறான். அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் இப்போது தெரியும். கேட்டைத் திறக்கிறாள். "இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். உட்காருங்கள்." அதோடு நிறுத்தினேன். கல்யாணம் இல்லை. காதல் இருந்ததா என்றால், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த தூரத்தில் அது இருந்தது. அதை அளந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

முதலாளி கடைசிப் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, கல்யாணம் எங்க? கோவமா கீறேன், குந்துன்றா. குந்திக்கினு இன்னா பண்றது?" நான் முதல் தடவையாக அவர் முன்னால் உட்காராமல் நின்றே பேசினேன். ஒரு வரி மாற்றினாலும் என் புனைபெயரை எடுத்துவிடுங்கள், இனி எழுதமாட்டேன் என்றேன். அவர் என்னைவிட நன்றாக என்னை அறிந்தவர். இவன் ஓடுகிறவன், நிற்கிறான் என்றால் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். இந்த ஒரு மாசம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை ப்ரூஃப் மேடம் பார்த்தார். கதைக்குக் கீழே வழக்கமாகப் போடுகிற 'முற்றும்' என்ற சொல்லை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டார். "முடியலையே சார்."

இதழ் வெளிவந்த வாரம் போன் ஓயவில்லை. ஓசூரிலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து, ஆம்பூரிலிருந்து. எல்லாருக்கும் ஒரே குறை: பைண்டிங்கில் கடைசிப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது, அனுப்பிவையுங்கள். முதலாளி என்னை முறைத்துக்கொண்டே ரிசீவரை ப்ரூஃப் மேடத்திடம் கொடுத்துவிட்டார். அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார்: "இல்லைங்க, அவ்வளவுதான். அவங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க." ஒரு வாசகியின் கடிதத்தை மட்டும் மறக்க முடியவில்லை. 'அன்புள்ள அக்கா, எங்கள் வீட்டிலும் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் இன்னும் டீ போடவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த மாடியில் இப்போது ஜிம் வந்துவிட்டது. நான் இப்போது போன் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறேன். பெண் பெயர் போய் என் பெயரே வருகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கண்ணீர் கேட்கிறார்கள். தருகிறேன். ஆனால் என் கதையில் யாராவது 'மன்னித்துவிட்டேன்' என்று வாயைத் திறந்தால், அவரை ரயில் அறிவிப்புக் குரலில் நிறுத்தக்குறிகளோடு ஒருமுறை சொல்லச் சொல்வேன். பெரும்பாலும் சொல்ல முடியாமல் போய்விடுகிறார்கள். ப்ரூஃப் மேடம் ஆனேக்கல்லில் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் கன்னடமும் சொல்லித்தருகிறார். கன்னடத்தை அந்த டீக்கடைக்குப் பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படித்தாராம். நண்பர் இப்போதும் நினைவு நாளுக்கு வருகிறார். இப்போது உள்ளே வந்து உட்காருகிறார்.

இதை எழுதி முடித்ததும், இந்த முறை, முதலில் அவருக்கு அனுப்பினேன். வேண்டாம் என்றால் இதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போனில் படங்களாக வந்தன. அச்செடுத்து, பச்சைப் பேனாவால் திருத்தியிருந்தார். நான்கு ஒற்றுப் பிழை, ஒரு கமா. தோளில் தட்டிய இடத்துக்குப் பக்கத்தில், "இருக்கட்டும். கேட்டதால்." கடைசிப் பத்தியில், கேட்காமல் எடுத்ததற்காக அவர் என்னை என்றைக்கோ மன்னித்துவிட்டார் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதன் கீழே தாள் கிழிய ஒரு கோடு. ஓரத்தில் மூன்று சொற்கள்: "இவர் பொய் சொல்கிறார்."

கூப்பிட்டேன். அவர் எடுத்ததும், இத்தனை வருடமாகச் சொல்லாததை, நடிக்காமல், அவருக்குப் பிடித்த அந்தத் தட்டைக் குரலில் சொன்னேன். "தப்பு பண்ணேன் மேடம். உங்களைக் கேக்காம எடுத்தேன்."

மறுமுனையில் பிள்ளைகள் எதையோ சேர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "இப்பதான் வாக்கியம் சரியா இருக்குது" என்றார். பிறகு, "கோபம் அப்படியேதான் இருக்குது சார். ஞாயித்துக்கிழமை பஸ்ஸைப் பிடிச்சு வாங்க."

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவர் அனுப்பிய படத்தை அச்செடுத்து, தொண்ணூற்று நான்காம் பக்கத்தின் மேல் வைத்து இழுப்பறையை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் போகிறேன். போய், உட்காரப் போகிறேன்.